அக்கா கேட்டு வாங்கிய வேகத்தடை

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது இது. அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். எதிர் வீட்டு அக்காவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. அவர் கணவர் லேத் பட்டறையில் இருந்தவர். சர்க்கரை நோய் முற்றி, இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

தெருவைக் கடந்தால் ஒரு டீக்கடை. காலையில் அங்கே போய் உட்கார்ந்து, யாராவது பேப்பர் படிக்கக் கேட்டு, பழைய பட்டறைக் கூட்டாளிகளோடு வம்பளந்துவிட்டு வருவார். அவருக்கு மிச்சமிருந்த வெளியுலகம் அவ்வளவுதான். ஆனால் சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாத வண்டிகளுக்கெல்லாம் எங்கள் தெருதான் குறுக்கு வழி. ஒரு நாள் ஒரு பைக் உரசியதில் அவர் கையிலிருந்த குச்சி பறந்து போய் விழுந்தது. மனுஷர் பிழைத்ததே பெரிய விஷயம்.

அன்றிலிருந்து வேகத்தடை வேண்டுமென்று அக்கா அலைய ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்த அலுப்போடு, மாநகராட்சிக்கு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவார். "வண்டி ஏறி எறங்குற சத்தம் கேட்டாலே போதும்மா, அவரு நின்னுக்குவாரு" என்பார். ஒருவழியாக, மழைக்காலம் முடிந்ததும் போட்டுத் தருகிறோம் என்று பதில் வந்தது.

அந்தத் தீபாவளி வாரத்தில் ஒரு சாயங்காலம் என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் தி.நகர் போனோம். கணவருக்குச் சட்டை எடுக்க ரங்கநாதன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார் அக்கா. கலர் எதையும் பார்க்கவில்லை. "அவரு தொட்டுத்தானே பாக்கணும்" என்று துணியை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. லேசான தூறல், தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. பழகிய தெரு என்ற தைரியத்தில் வந்தேன். திடீரென்று முன்சக்கரம் எதன் மேலோ ஏறித் தூக்கியது. நான் வண்டியோடு ஒரு பக்கம் சாய்ந்தேன். பின்னால் இருந்த அக்கா தூக்கி எறியப்பட்டு, இடுப்பு அடிபட விழுந்தார்.

மழை முடியட்டும் என்றவர்கள், நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் முன்னதாகவே வேகத்தடையைப் போட்டிருக்கிறார்கள். தெருவின் குறுக்கே, தார் வாசனைகூடப் போகாமல், கன்னங்கரேலென்று கிடந்தது. வெள்ளைக் கோடு இல்லை, ஒரு பலகை இல்லை. அக்கா படுத்தபடியே கையை நீட்டி அதைத் தடவினார். "போட்டுட்டாங்களா!" என்றார். வலியிலும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். எழுப்ப முயன்றபோதுதான், "காலு என்னுது மாதிரியே இல்லம்மா" என்று கத்தினார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு மணிக்கட்டில் கட்டு.

அதற்குள் இன்னும் ஒன்றிரண்டு பேர் அதே இடத்தில் விழ, தெருவே கொதித்தது. அதைப் பெயர்த்துவிட வேண்டுமென்று கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்னேன். படபடத்துப் போனார். "அது இன்னா தப்பு பண்ணுச்சு? பெயின்ட் அடிக்காதது அதோட குத்தமா? எடுக்க வுட்றாதம்மா."

கூட்டத்தில் போய் அப்படியே சொன்னேன். அவர் கணவரும் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார். "பெயின்ட்ட நானே வாங்கியாரேன் சார், எடுத்துடாதீங்க" என்றார். கீழ் வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டி, "உங்க சம்சாரத்தையே படுக்க வச்சிடுச்சே சார். அவங்களுக்காகத்தான் எடுக்கச் சொல்றோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மறுபடியும் பேச வாயெடுத்தபோது, பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். மறுநாளே கடப்பாரை வந்துவிட்டது.

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று ஆம்புலன்ஸில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். பெயர்த்துவிட்ட விஷயத்தை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தெருமுனை திரும்பியதும், தூக்கிப் போடும் என்று நினைத்து, கண்ணை மூடிக் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி வழுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

"வூடு வந்துடுச்சா?" என்று கேட்டார்.

தலையசைத்தேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி மனு போட்டோம். தெருக்காரர்களே வேண்டாம் என்று எடுத்ததை எப்படித் திரும்பப் போடுவது என்று கேட்டார்கள். அக்கா வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். கேன்டீன் வேலை போனது போனதுதான். கணவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூட்டாளிகள் முதலில் தினமும் வீட்டுக்கு வந்தார்கள், பிறகு எப்போதாவது, பிறகு அதுவும் இல்லை. அடையாறுக்கு நாங்கள் வீடு மாறும்வரை அந்த வண்டிகள் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தன.

அன்று வண்டியை ஓட்டியது நான் என்ற வருத்தம் என்னை விட்டுப் போகாது. ஆனால் அதைவிட அதிகமாக உறுத்துவது அந்தக் கூட்டம்தான். அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை; அக்காவுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்கள், அதை எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னது மட்டும் அவர்கள் காதில் விழவே இல்லை. இப்போதெல்லாம் யாருக்காகவாவது நாலு பேர் கூடி ஒரு முடிவெடுத்தால், "அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டு, பதில் வரும்வரை நான் விடுவதில்லை. என்ன கேட்டு என்ன, அக்காவுக்கு அது உதவாமலே போய்விட்டது.