மூன்று சக்கரத்துக்குத்தான் பிரேக்

எங்களுக்குக் கார் இருக்கிறது என்று அப்பா சொன்னது பொய் இல்லை. அக்காவின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, "இருக்கு, ஊர்ல நிக்குது" என்றுதான் சொன்னார். அது நின்றுகொண்டுதான் இருந்தது. குத்தம்பாக்கத்தில், என் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில், நாலைந்து வருஷமாகக் கோழிகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டு நின்றது.

மாமா அம்மாவின் தம்பி. சொந்த வண்டி என்று வெள்ளை போர்டு மாட்டிக்கொண்டு வாடகைக்கு ஓட்டியவர். அந்த டீசல் கார் போகாத ஊர் இல்லை, ஏற்றாத கல்யாணக் கூட்டம் இல்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் முழுதாக ஒரு சுற்று முடித்து, பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கி, பாதியில் சலித்துப்போய் நின்றுவிட்டன. பிறகு மாமா ஒரு குட்டியானை வேன் வாங்கிக் காய்கறி ஏற்றப் போய்விட்டார். காரை எல்லாரும் மறந்தோம். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் மறக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து அவளை ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவர வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து அக்காவின் மாமியார் போனில் பேசினார். மாசமாக இருப்பவளைப் பேருந்திலும் வாடகை வண்டியிலும் அனுப்ப முடியாதாம். "சொந்தக் கார் இருக்குன்னீங்களே சம்பந்தி, அதுல வந்து கூட்டிட்டுப் போங்க." ஏழு முடிந்து எட்டு பிறந்துவிட்டால் அந்த மாதத்தில் பெண்ணை அனுப்பும் வழக்கமே கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா வேறு ஏதோ ஒரு எண்ணிலிருந்து கூப்பிட்டாள். அம்மா பேசியதெல்லாம் "சாப்பிட்டியா?" என்ற ஒரே கேள்விதான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், "வெள்ளிக்கிழமை போறோம். வண்டியை எப்படியாவது ஓட வைங்க" என்றார். வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை நல்ல நாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது.

அப்பா பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பீரங்கி செய்பவர் அல்ல, ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டு நட்டுகளைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். ஆனாலும் தொழிற்சாலைக்காரர் என்ற தைரியத்தில் லீவு போட்டுவிட்டு மாமாவோடு கொட்டகையில் இறங்கினார். பேட்டரி, யாரோ கழற்றிப் போட்டது. முன்பக்க டயர் இரண்டும் புதுப்பேட்டையில் பிரித்த வண்டியிலிருந்து வந்தவை. எலி கடித்த ஒயர்களுக்கெல்லாம் கருப்பு டேப் சுற்றினார்கள். பின் சீட்டுக்கு முன்னால் தரை துருப்பிடித்து, என் கால் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு ஒரு பலகையை வைத்து மேலே கால்மிதியை விரித்தார் மாமா. "பாப்பா, நீ இது மேல காலை வெச்சிகினு குந்திக்கோ. ஒரு ஆளுக்கும் தெரியாது" என்றார்.

இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு ஒருவழியாக உயிர் பெற்றது. நகர்த்திப் பார்க்கலாம் என்று மாமா ஏறினார். அம்மா விடவில்லை. பூசை போடாமல் வண்டி ஓரடி நகரக் கூடாது என்றார். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார் எங்கள் அம்மா. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் மாமா கியரைப் போட்டார்.

மூன்று பழங்கள் நசுங்கின. பின்பக்க இடது சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. சக்கரம் சுழலவே இல்லை. மண்ணைக் கீறிக்கொண்டு இழுபட்டது. பழத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போனது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. நசுங்காத பழம் என்றால் வண்டி காவு கேட்கிறது என்று அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் ஓவென்று அழுதேன்.

மாமா இறங்கி வந்து குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஓட்டத்தை நிறுத்திய அன்று போட்ட ஹேண்ட் பிரேக்கைத் திரும்ப எடுக்கவே இல்லையாம். உள்ளே எல்லாம் துருவேறிக் கவ்விக்கொண்டுவிட்டது. சுத்தியால் தட்டித் தட்டிச் சக்கரத்தைப் பிரித்தபோது பிரேக் கட்டை இரண்டாக உடைந்து கையோடு வந்தது. புதிது வாங்கி மாட்ட அன்றைக்கு நேரமில்லை. அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகும் குழாயை ஒரு போல்ட்டு வைத்து அடைத்துவிட்டார்.

"மூணு வீலுக்கு பிரேக் கீது மாமா, அது போதும்" என்றார் அப்பாவிடம். "ஆட்டோவே மூணு வீல்லதான ஓடுது?"

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். வண்டியில் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிடுவார் என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா குனிந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். மண்ணை முந்தானையில் துடைத்தார். அதே சக்கரத்துக்கு அடியில் மறுபடி வைத்தார்.

"இப்ப எடுடா" என்றார் மாமாவிடம்.

பழம் நசுங்கியது. அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கால் கூசும். பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே பெங்களூர் நெடுஞ்சாலை ஓடிக்கொண்டே இருந்தது. மாமா பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரி திடீரென்று வேகம் குறைத்தது. மாமா மிதித்தார், மறுபடி மிதித்தார், மூன்றாம் முறை மிதித்தபோதுதான் வண்டி நின்றது. லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைக் கையை நீட்டித் தடவிப் பார்த்திருக்கலாம். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

காஞ்சிபுரத்தில் அக்காவின் மாமியார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். நான் பலகையை விட்டுக் காலை எடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். "பழைய வண்டிதான் போல" என்றார். "நல்லா உழைச்ச வண்டி சம்பந்தி" என்று அப்பா சிரித்தார். அன்றைக்கு முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

வளைகாப்பு சீக்கிரமே முடிந்தது. அக்கா ஒரே ஒரு பையோடு வந்து ஏறினாள். கை நிறைய வளையல் இருந்தது, கைதான் மெலிந்திருந்தது. மாசமாக இருந்தால் சாப்பாடு இறங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள், நானும் நம்பினேன். மாப்பிள்ளை வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

வண்டி தெருவைத் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை. அவள் காதில் எல்லாவற்றையும் கொட்டினேன். காலுக்குக் கீழே ஓட்டை இருக்கிறது, எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, ஒரு சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லை, வரும்போது லாரியில் மோதியிருப்போம். நான் பட்ட பயத்தில் பாதியாவது அவள் படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த வண்டி திரும்ப அங்க போகாதுல்ல?"

"இது இருக்கிற லட்சணத்துல எங்கயும் போகாது" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்தாள். சீட்டில் ஒழுங்காகப் படுக்க இடமில்லை, கம்பி வேறு குத்தியது. அப்படியே தூங்கிப்போனாள். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால்கூடத் தூங்காத அக்கா.

திருமழிசையில் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது பலகை துள்ளியது. கரையான்சாவடியில் ஆவடிப் பக்கம் திரும்பும்போது குறுக்கே ஒரு பைக் வந்து, மாமா மிதித்த மிதியில் கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. நான் வாய்விட்டுக் கத்தினேன். அப்பா டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா அசையக்கூட இல்லை. அம்மா அவள் கை வளையல்களைச் சத்தம் வராமல் பொத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. இத்தனை பயங்கரமான வண்டிக்குள் ஒருத்தியால் எப்படித் தூங்க முடியும் என்று, குவார்ட்டர்ஸ் வாசல் வரும்வரை பலகையை மிதித்துக்கொண்டே யோசித்தேன்.