மகளின் ரத்தத்தில் மஞ்சள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்கப் பத்து நாளில் டாக்டர் வரப்போவதாகக் கம்பவுண்டர் ஒருவர் எங்கள் ஊர் கோம்பைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ரத்தத்தைக் குழாயில் ஊற்றிச் சுற்றினால் மேலே தெளிவு நிற்குமாம். அது மஞ்சளாக இருந்தால் கண்ணுக்கான சத்து இருக்கிறது. வெளுத்திருந்தால் மீன் எண்ணெய் கொடுப்பார்கள். "பப்பாளி, கீரை திங்கிற பிள்ளைக்கு மஞ்சளா இருக்கும்" என்றார்.

நாங்கள் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டோம்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் தடுமாறுவாள். எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அக்கா மகனுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது.

பத்து நாளும் கொல்லையில் பழுத்த பப்பாளியை வேளை தவறாமல் ஊட்டினாள் மனைவி. "வெளுத்த ரத்தம்னு ஊருக்குள்ள பேரு வந்தா உங்க அக்கா சும்மா விடுவாகளா?" என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

சாவடியில் டாக்டர் குழாய்களைக் கைப்பிடி யந்திரத்தில் வைத்துச் சுற்றினார். மஞ்சள் திரவம் அடைத்த மாதிரிக் குழாய்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மகளுடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல மஞ்சள் என்று தலையசைத்தார்.

"சாயங்காலம் கண்ணு நல்லாத் தெரியுதாப்பா?"

நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதும் வாய் வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். பின்னால் வரிசையில் அக்கா வேறு நின்றிருந்தாள்.

"தெரியாம என்னய்யா, எங்க மருமக இருட்டுல ஊசி கோப்பா" என்றாள் அக்கா.

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

பப்பாளி சூடு, பெண் பிள்ளைக்கு ஆகாது என்று மறுநாளே நிறுத்தினாள் மனைவி. அதன்பின் பழுத்ததெல்லாம் மாட்டுக்குப் போனது. ரத்தம் வெளுத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு மீன் எண்ணெய் வந்தது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதைப் பார்த்து என் மகள் கேலி செய்வாள்.

அறுப்பு முடிந்த மாதம் அவளுக்கு மணல்வாரி அம்மை கண்டது. அம்மை இறங்கியபோது இடது கண் வெளுத்துப் போயிருந்தது. அக்கா பார்க்க வந்தாள். ஆரஞ்சு வாங்கி வந்தாள். தன் மகன் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

மறு வருஷம் அதே கம்பவுண்டர் வந்தார். மகளை அடையாளம் கண்டு திகைத்தார். "இந்தப் பிள்ளைக்கு நல்ல மஞ்சளால்ல இருந்துச்சு? என்ன குடுத்தீக?"

மகளே சொன்னாள். "பத்து நாளு பப்பாளி குடுத்தாக."

"பத்து நாள்ல ரத்தந்தான் மஞ்சளாகும், கண்ணுக்குச் சத்து சேராதே. அப்புறம்?"

நான் அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். தலையை முழுக்கத் திருப்பித்தான் அவள் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.