விமானத்துக்கு ஏற்றிய சூடம்

கே.கே. நகர் வீட்டு வாசலில், டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட புது பைக்கைப் பேரன் நிறுத்தினான். மருமகள் சூடத்தட்டோடு வந்தாள். பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். தரையிறங்கிய போர் விமானம் ஒன்று சக்கரம் ஒடிந்து, ஊரை ஒட்டியிருந்த ராணுவ ஓடுதளத்தைத் தாண்டி, எங்கள் சோளக்காட்டில் வயிறு உரசி நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் விமானியை வெளியே தூக்கினார்கள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியிருந்த அம்மாவும் அங்கே ஓடினாள்.

"எம்புட்டுப் பெரிய கண்டம்! திருஷ்டி கழிக்காம விடலாமா?" என்று விமானத்தின் முன்னாலேயே சூடத்தை ஏற்றிவிட்டாள்.

விமானி நொண்டியபடி பாய்ந்து, எரியும் சூடத்தை வெறுங்கையால் பொத்தி அணைத்தார்.

"சாமி நெருப்பை அணைச்சுப்புட்டாரே இந்த ஆளு!" என்று சீறினாள் அம்மா.

"அடியே, காலுக்குக் கீழ பாரு," என்றார் அப்பா.

மண் பெட்ரோலில் நனைந்து கிடந்தது. அம்மா அழுதுகொண்டே விமானியின் வெந்த உள்ளங்கையை எடுத்து ஊதினாள். நெடுநேரம் ஊதிக்கொண்டே இருந்தாள்.

பழைய நாளிதழ்களில் எவ்வளவோ தேடிவிட்டேன். அவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. என் குறிப்பேட்டில் தேதி போடாமல் எழுதியிருப்பது இது ஒன்றைத்தான்: அன்று காட்டில் நின்ற நாங்கள் நான்கு பேரும் வீடு திரும்பினோம்.