சின்னப்பனைக் கேட்ட கேள்விகள்

"புதுநன்மை, மே 1974" என்று ஒரு புகைப்படத்தின் பின்புறம் அப்பா எழுதி வைத்திருக்கிறார். தேதியை விட்டுவிட்டார். எங்கள் பங்குக் கோயிலில் அது ஞாயிறுகளில்தான் நடக்கும் என்பதால், நான்கு தேதிகளில் ஒன்று என்பதுவரை சொல்லலாம்.

படத்தில் வெள்ளைச் சட்டையில் இருப்பவன் என் தம்பி. வில்லியனூரை ஒட்டிய எங்கள் ஊரில், முதல் நன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் பீடத்துக்குப் போவது வழக்கம். தம்பியின் கையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. இன்று டவுன் சிண்ட்ரோம் என்கிறோம். அன்று எங்களூரில் அதற்குப் பெயர் கிடையாது. காரணம் மட்டும் எல்லோரிடமும் இருந்தது. ஜோடி சேராவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் பங்குச் சாமியார். முந்தைய வருஷமும் அதையேதான் சொன்னார்.

பிள்ளைகளை அதற்குத் தயார்செய்யும் ஞானோபதேச வகுப்பு எடுத்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. தையல்காரி. வேதக் கதைகளுக்காக, மிச்சத் துணியில் கைக்குள் மாட்டி ஆட்டும் பொம்மைகள் செய்து வைத்திருந்தாள். நோவாவுக்கும் மோசேக்கும் ஒரே தாடிதான், கழற்றி மாட்டுவாள். புதுநன்மைக்கு முந்தின வாரம் தாடியில்லாத புதுப் பொம்மை ஒன்று வந்தது. சாய்ந்த சிறு கண், தட்டை மூக்கு, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும் நாக்கு.

"எம் பேரு சின்னப்பன். இன்னா வேணா கேளுங்க" என்றது பொம்மை, அத்தையின் மூக்கடைத்த குரலில்.

தம்பியிடம் கேட்கத் துணியாததையெல்லாம் பிள்ளைகள் பொம்மையிடம் கேட்டார்கள்.

"நாக்கு ஏன்டா வெளில கீது?"

"வாய் சின்னது, நாக்கு பெருசு. உம் பேச்சு மாரி, உள்ள அடங்கல."

"கணக்கு வருமா?"

"மெதுவா வரும். ஒனக்கு மட்டும் ஓடியா வருது?"

மாவு மில்காரர் மகள் எழுந்தாள். "கெரகணத்தப்போ உங்கம்மா வெளில வந்துட்டாங்களாம். அதானே நீ இப்பிடி?"

தம்பி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா ஒரு தப்பும் பண்ணல." இப்போது அது அத்தையின் சொந்தக் குரலாகவே இருந்தது. "வயித்துல உண்டாவும்போதே சில புள்ளைங்க இப்பிடித்தான் உண்டாவும். ராஜா வூட்லயும் உண்டாவும்."

அம்மா எழுந்து வெளியே போனாள். பிடி விட்டதும் தம்பி நேராக ஓடி, பொம்மையைப் பிடுங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு, மில்காரர் மகளிடம் நீட்டினான். "தா" என்றான். கை கொடு என்று அர்த்தம்.

"தொட்டா ஒட்டிக்காதுல்ல, டீச்சர்?"

"தொட்டுப் பாருடி."

அவள் பொம்மையின் கையைத் தொட்டாள். பிறகு பொம்மையையே உருவிவிட்டு, உள்ளே இருந்த கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவல. மெத்துனு கீது" என்று அறிவித்தாள். உடனே மற்றவர்களும் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள்.

தம்பி அவளோடுதான் கைகோத்துப் பீடத்துக்குப் போனான். அவன் சொன்ன ஆமென்னைப் போல இன்னொன்றை அந்தக் கோயில் கேட்டதில்லை என்பது என் கருத்து. சாட்சிகள் உண்டு.

அன்று வகுப்பிலிருந்து அம்மா எழுந்து போனது, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததால் என்றுதான் நினைத்தேன். தம்பி பிறந்த நாள் முதல், அந்த ஒரு பதிலை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் காத்திருந்தது எனக்குப் புரியும் வயதில்லை.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய அத்தைக்கு அது எப்படித் தெரிந்தது? பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருப்பார் என்பார் அப்பா. அத்தை அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை என்பாள் அம்மா. தெரிந்துதான் சொன்னாளா, அண்ணிக்காகச் சொன்னாளா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.