பளிச்சென்று ஒளிர்ந்த ஆன்டிபாடி

டைரக்டர் மேடம் லேப் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவரிடம், "இந்தப் பிரச்சினை எனக்கே இப்பத்தான் தெரிய வந்தது மேடம்" என்று சொல்லியிருந்தேன்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்படும்படி இதில் ஒன்றும் இல்லை.

1. மூன்று குளோன்கள்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகளுக்கு நடுவே எங்கள் லேப். மருந்து கம்பெனிகளுக்கு இம்யூனாலஜி டெஸ்ட் செய்து தருவது எங்கள் வேலை. நான் சீனியர் சயின்டிஸ்ட். ஒரு கிளையன்ட்டுக்கு, ரத்த செல்களில் எத்தனை செல்லின் மேல்பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி வேண்டும். அது அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்ட வேண்டும். அதோடு ஒரு சாயம் இணைந்திருக்கும். ஒட்டிய செல் ஒளிரும், ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷின் அதை எண்ணிவிடும். ஒரே புரதத்துக்குப் பல ஆன்டிபாடிகள் விற்பனையில் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு குளோன் என்போம். நான் மூன்று குளோன்களின் சாம்பிள் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மங்கல். மூன்றாவது பளிச்சென்று இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

ஐசோடைப் கன்ட்ரோல் போட்டேன். அதே வகையைச் சேர்ந்த, ஆனால் எங்கள் செல்களில் எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி அது. அதில் ஒளி வரவில்லை. அது போதாது என்று எனக்குத் தெரியும். அந்தப் புரதமே இல்லாத செல்களில் போட்டு, அங்கே ஒளி வராமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்த செல்கள் வர நாளானது. காத்திருக்காமல் முதல் ரிப்போர்ட்டை கிளையன்ட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

2. கலைவாணி

அந்த செல்கள் வந்ததும் டெஸ்ட்டைச் செய்தது கலைவாணி. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற டெக்னீஷியன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அதிகம் பேசமாட்டார்.

"சார், புரதம் இல்லாத செல்லும் ஒளிருது சார். அதே அளவுக்கு."

"ட்யூப் மாத்தியிருப்ப."

"ரெண்டு வாட்டி போட்டேன் சார். லேபிள் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன்."

"அப்போ ரெண்டு வாட்டியும் மாத்தியிருப்ப."

அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். 'இரண்டு முறையும் ஒரே முடிவு. குளோனைச் சரிபார்க்க வேண்டும்.' அதன் கீழே நான் 'கையாளுதலில் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. நானே ஒருமுறை போட்டிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். போடவில்லை. அனுப்பிய ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம்.

மாதாந்திர மீட்டிங்கில் மேடம் அந்த ரீடிங் பற்றிக் கேட்டார். "கலைவாணி ட்யூபை மாத்திட்டாங்க மேடம், சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றேன். பத்துப் பேர் இருந்த அறை. கலைவாணியும் இருந்தார். மேசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவரைக் கண்ணாடிச் சாமான் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் தடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

3. நோட்டுப் பக்கம்

பிறகு கிளையன்ட் தங்கள் லேபில் வேறு குளோன் வைத்துச் செய்து பார்த்தார்கள். எங்கள் எண்ணிக்கை எதுவுமே ஒத்துவரவில்லை. நான் உட்கார்ந்து, புரதம் இல்லாத செல்களில் என் கையாலேயே அந்த ஆன்டிபாடியைப் போட்டேன். ஒளிர்ந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஒளிர்ந்தது. அந்த குளோன் வேறு ஏதோ ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பல மாத வேலை வீண்.

மேடத்திடம் போய் ஆன்டிபாடி சரியில்லை, எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய நோட்டை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்தார். முதலில் சொன்ன கேள்வி அப்போது வந்ததுதான்.

"அந்தப் பொண்ணு கரெக்டா எழுதி வெச்சிருக்கு. நீங்க அது மேல பழி போட்டிருக்கீங்க. கிளையன்ட்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய் அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

கலைவாணி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். மதியம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கேட் எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும், "சார், இன்னா இங்க?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். குளோன்தான் தப்பு, உன் டெஸ்ட் சரி என்றேன்.

"அப்போ நான் ட்யூப் மாத்தலையா சார்?"

"இல்லம்மா. மாத்தல."

"நான் மாத்திட்டேன்னே நெனச்சிகினு இருந்தேன் சார். நீங்க அவ்ளோ கரெக்டா சொன்னீங்க. அதுக்கப்புறம் எந்த லேபுக்கும் அப்ளை பண்ணவே பயமா இருந்திச்சு. கை சரியில்லைன்னு வூட்ல கூட சொல்லிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "திரும்ப வர்றியா? மேடம் எடுத்துக்கறேன்னாங்க."

"அங்க வேணாம் சார். அன்னிக்கு பத்து பேர் முன்னாடி சொன்னீங்க. இப்போ இதை எழுதிக் குடுப்பீங்களா?"

எழுத ஒரு நாள் முழுக்க ஆனது. முதலில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினேன். கிழித்தேன். 'தவறு கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கடைசியில்தான், 'கலைவாணியின் முடிவு சரியானது. அதைப் பிழை என்று எழுதியது நான்' என்று வந்தது. அடுத்த மீட்டிங்கில், அதே அறையில், நின்றுகொண்டு அதைப் படித்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேடமும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதைக் கலைவாணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கலைவாணி இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

எங்கள் லேபில் இப்போது ஒரு விதி இருக்கிறது. எந்த ஆன்டிபாடி வந்தாலும், அது குறிவைக்கும் புரதம் இல்லாத செல்லில் போட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட் போகக்கூடாது. இந்த விதி எனக்கு அப்போதும் தெரியும். தெரியாத விஷயம் வேறு. ஒருவர் நோட்டைக் கொண்டுவந்து 'சரியா வரல சார்' என்று நிற்கும்போது, எனக்கு எந்தப் பதில் வசதி என்பதை முதலில் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பதிலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.