லியனார்ட் ஒட்டிய துணிச் சீட்டுகள்

மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லியனார்டை எல்லாரும் லைட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டோர் என்று அவர்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையிலும், உத்தியோகத்தர் இருந்த பதினொரு வீடுகளிலும் விளக்குக்குக் கம்பி இழுத்தவர் அவர். அந்த வேலையோடு ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீடொன்றும் வந்தது. தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை.

அவரைப் பற்றி, மனைவியைத் தவிரத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. சிவப்பும் கறுப்பும் அவருக்கு ஒரே நிறம்.

அது அவருக்கே தெரிய வந்தது 1948இல். ஸ்டோரில் ஆள் குறைந்த வாரம் ஒன்றில், தேயிலைத் தூளில் கிடக்கும் காம்பைப் பொறுக்க அவரையும் பெண்களோடு உட்கார வைத்தார்கள். தூள் கறுப்பு, காம்பு சிவப்பு. பெண்களின் விரல்கள் கோழி கொத்துகிற மாதிரி ஓடின. லியனார்ட் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்தவள் பெற்றீசியா. “கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்களா?” என்றாள்.

“காம்பே இல்லியே.”

“ஒங்க மூக்குக்கு நேராத்தான் ஒரு கைப்பிடி கெடக்கு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் அவருடைய கண்ணைப் பார்த்தாள். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் அவரை இஞ்சின் ரூமுக்குத் தள்ளிவிட்டார். மறு வருஷம் நோர்வூட் மாதா கோவிலில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

இஞ்சின் ரூமில் பழைய வயர்மேனுக்குக் கையாளாக நின்றே லியனார்ட் தொழிலைப் பிடித்துக்கொண்டார். விளக்குக்கு மின்சாரத்தைக் கொண்டுவருகிற கம்பி சிவப்பு. திரும்பிப் போகிறது கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் பிரித்துக்கொள்ளத்தான் அந்த நிறங்கள். நிறம் உதவாதவர் வேறு வழி தேடினார். டோர்ச் பற்றரியையும் குட்டிப் பல்பையும் வைத்து, கூரையில் நுழைந்த கம்பி எங்கே வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார். பிறகு வெள்ளைத் துணி நாடாவைச் சிறிதாகக் கத்தரித்து, அழியாத கொப்பிப் பென்சிலால் எழுதிக் கம்பியின் இரு முனையிலும் சுற்றுவார். ‘வ’ என்றால் வருவது. ‘தி’ என்றால் திரும்புவது. சுவிட்சில் இருந்து பல்புக்கு ஏறுவது ‘சு’. சின்ன வீட்டுக்கு அரை நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அவர் பூட்டிய விளக்கில் ஒரு தரம்கூடப் பியூஸ் எரிந்ததில்லை.

நிறம் மாறினால் வேறு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? அதற்குப் பெற்றீசியா இருந்தாள். புதிய கம்பிச் சுருள் வந்தால் சோறு கொண்டுபோகிற சாக்கில் ஸ்டோருக்குப் போவாள். சிவப்புச் சுருளில் ஒரு நூலை முடிந்துவிட்டு வருவாள். பதினான்கு வருஷம் இப்படியே ஓடியது.

1963இல், விளக்குகளுக்கு ஸ்டோர் இஞ்சினுக்குப் பதிலாக வெளி லைன் மின்சாரம் தோட்டத்துக்கு வரப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் வீடுகளைப் பார்க்கவும், வயர்மேனுக்குச் சான்று கொடுக்கவும் கொழும்பிலிருந்து பரிசோதகர் ஒருவர் வருவார். சான்று இல்லாதவன் கம்பியைத் தொடக் கூடாது. அவனுக்கு வீடும் இல்லை.

பரிசோதகர் வருகிற நாளுக்கு முந்தின மாலை பெற்றீசியா இருமல் மருந்துக்காக மருந்தையர் வீட்டுக்குப் போனாள். கூரை ஒழுகிய இடத்தில் கம்பிப் பெட்டியின் மூடி விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “அங்க ரெண்டும் மாறி இருக்குங்க,” என்றாள். “செவப்புல ‘தி’ன்னு எழுதியிருக்கீங்க.”

அந்த வீட்டுக்குக் கம்பி இழுத்தபோது அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். சுருளில் நூல் இல்லை.

“எழுத்து சரியாத்தான் இருக்கும்,” என்றார் லியனார்ட்.

“எழுத்த யாரு பாக்கப்போறா?”

மறுநாள் பரிசோதகர் மூன்று வீடுகளைத் திறந்து பார்த்தார். சிங்களவர், தமிழும் பேசுவார். வேலை சுத்தம் என்றார். மருந்தையர் வீட்டைத் தாண்டி நடந்துவிட்டார். கிளாக்கர் வீட்டு வாசலில் நின்று சான்றுத் தாளை எடுத்து, பேனா மூடியையும் திறந்துவிட்டார். லியனார்டின் முதுகில் வியர்வை அப்போதுதான் காயத் தொடங்கியது.

“ஒரு விஷயம்,” என்றார் பரிசோதகர். “இந்தத் துணி எல்லாம் எதுக்கு? காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு. கலர் போதும். எல்லாத்தையும் உரிச்சுப் போடச் சொல்லு.”

உதவிக்கு நின்ற கணேசமூர்த்திக்கு இது கொண்டாட்டம். அந்தச் சீட்டுகளை ஒட்டி ஒட்டிச் சலித்துப்போனவன். “இப்பவே உரிச்சிர்றேன் மாத்தயா,” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு மருந்தையர் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

லியனார்ட் அவன் தோளைப் பிடித்தார். “அந்த வீட்டுல உரிக்காத தம்பி.”

“ஏன்?” என்று கேட்டவர் பரிசோதகர்.

“செவப்புக் கம்பி தீந்துபோச்சுங்க. கறுப்பப் போட்டேன்.”

பரிசோதகர் மருந்தையர் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். “சிவப்பு தீந்துதுன்னா, திரும்புற வழிக்கு எப்படிச் சிவப்பு வந்தது?”



பரிசோதகர் தன் பையிலிருந்து இரண்டு துண்டுக் கம்பிகளை எடுத்து நீட்டினார். “சிவப்பைக் காட்டு.”

லியனார்ட் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். கணேசமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு இடது பக்கம் கண்ணைக் காட்டினான். லியனார்ட் அதைக் கவனித்தார். ஆனாலும் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க மாத்தயா. சீட்ட உரிச்சிட்டா, நாளைக்கு இவன் அந்தப் பெட்டியத் தொறப்பான். கறுப்புதானேன்னு கை வைப்பான்.”

கணேசமூர்த்தி சாய்த்திருந்த ஏணியை எடுத்து மெதுவாகக் கீழே கிடத்தினான்.

பரிசோதகர் மற்ற ஏழு வீடுகளையும் பார்த்து முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. நிறம் மாறியிருந்தது அந்த ஒரு வீட்டில்தான். எழுத்தில் எந்த வீட்டிலும் பிழை இல்லை. “வேலையில குறை இல்ல,” என்றார். “ஆனா சட்டம் கண்ணைக் கேக்குது.” சான்றுத் தாளைப் பையில் வைத்துக்கொண்டார். மருந்தையர் வீட்டுக் கம்பியை மாற்றும்வரை அங்கே ஒரு சீட்டையும் தொடக் கூடாது என்று தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாத முடிவில் கணேசமூர்த்தி வயர்மேன் ஆனான். லியனார்டுக்கு இஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை கிடைத்தது. வீடு கைமாறியது. சாமான்களைத் தூக்கிப் போக இரண்டு நடை போதுமாயிருந்தது. புதுக் காம்பிரா மேட்டு லயத்தில், ஓரத்தில் இருந்தது.

பெற்றீசியா அடுப்பு மூட்ட இடம் பார்த்துக்கொண்டே கேட்டாள். “பேசாம இருந்திருந்தா கையெழுத்து விழுந்திருக்கும், இல்லையா?”

“விழுந்திருக்கும்.”

“அந்த வீட்டப் பொறகு யாருக்கும் தெரியாம மாத்தியிருக்கலாம்.”

“அவன் அப்பவே ஏணியத் தூக்கிட்டானே.”

லயத்தில் லைட் கிடையாது. அவள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைத் துடைத்து, திரியை ஏற்றி அவரிடம் நீட்டி, “இத எங்க மாட்டலாம்னு பாருங்க,” என்றாள்.