எங்கள் கடலைக்காட்டில் இறங்கிய ஹெலிகாப்டர்

மந்திரியின் சுற்றுப்பயணத்துக்கு அரசாங்க ஹெலிகாப்டர் வருகிறது, இறங்குவதற்கு எங்கள் கடலைக்காடுதான் தோது என்று தாசில்தார் சொல்லிவிட்டுப் போனதும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. கடலை பிடுங்கி வெறுமனே கிடந்த செம்மண். ரோடு ரோலர் ஓடியது. சுண்ணாம்பில் வட்டம் விழுந்தது. புழுதி அடங்க லாரியில் தண்ணீர் வந்தது. குடிக்கவே குடம் தூக்கி அலைந்த கோடையில், மண் மடமடவென்று குடித்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றுவிட்ட மாமாவின் கோழிப்பண்ணை. புதிதாகப் போட்ட ஒரே கொட்டகை, முதல் பேட்ச். முட்டைக்கு வரும் பருவம். அவருடைய மொத்த நம்பிக்கையும் அந்தக் கம்பிவலைக்குள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தது.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த என்னிடம்தான் கேட்டார்.

"ஏம் மாப்ள, அந்தச் சத்தத்துக்குக் கோழி மெரளாதுங்களா? அப்பாகிட்டச் சொல்லி, அந்தாண்டக் காட்டுல எறக்கச் சொல்லுங்களேன்."

அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெலிகாப்டர் கைநழுவிப் போய்விட்டால்?

"சாக்க எறக்கிக் கட்டீருங்க மாமா. கண்ணுல பட்டாத்தானுங்க பயப்படும்."

கோழியைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. படித்தவன் சொன்னானென்று கட்டிவிட்டார்.

காற்றின் திசை காட்டப் பச்சைத் தழையில் புகை மூட்டினார்கள். வானத்தில் ஒரு புள்ளி, பிறகு அடிவயிற்றில் இடிக்கும் சத்தம், பறக்கும் வேட்டிகள், ஊரே ஒரு சிரிப்பு. நானும் கத்தினேன். மந்திரி கும்பிட்டார், காரில் ஏறினார், போய்விட்டார். அப்பாவின் மாலை போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

கொட்டகைக்குள் சாக்கு இருட்டு. கோழிகள் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் அகப்பட்டவையெல்லாம் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. வெளிச்சம் இருந்திருந்தால் சிதறி ஓடிப் பிழைத்திருக்கும் என்று பிற்பாடு கால்நடை டாக்டர் சொன்னார். மாமா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை, சூடு ஆறாதவற்றைத் தனியே போட்டாள்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆளுக்கொரு கோழியோடு திரும்பியது. எங்களுக்கு மாமாவே கொண்டுவந்தார்.

"ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருப்பாங்க. கொழம்பு வெக்கச் சொல்லுங்க மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. குத்தலா, மெய்யான அன்பா, முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் வெளியே வரவில்லை.

அம்மா பரிமாறினாள். குழம்பில், ஓடு கட்டாத மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாகக் கிடந்தன. உனக்குப் பிடிக்குமே என்று கரண்டியால் துழாவி எடுத்தாள்.

தட்டை நீட்டினேன்.